ஏழு சுற்றுக் கம்பி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நீ எதற்காகப் பேச்சை நிறுத்தினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது முறையா என்று யோசித்ததிலேயே காலம் போய்விட்டது. உங்கள் சலவை நிலையப் பெண்கள் பாடும் 'ஏழு சுத்து' பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதி உனக்கொரு பிரதி அனுப்பினேன். அதோடு உன் கடிதம் நின்றது. கொஞ்ச நாள் தபால்காரரைச் சந்தேகப்பட்டேன்.

இப்போது எழுதுவதும் அதே பாட்டைப் பற்றித்தான்.

ஏழு சுத்துக் கம்பி சுத்தி
எசமான் போனார் சோத்துக்கு
மூச்சு முட்டும் பானைக்கு
முழிச்சிருந்தான் காவலுக்கு

எங்கள் நாட்டுப்பாடல் காப்பகத்தில் இதற்கு நாற்பத்து மூன்று ஒலிநாடாக்கள் இருக்கின்றன. பானை என்பது உடல், ஏழு சுற்று என்பது ஏழு பிறவி, எசமான் என்பவர் கடவுள் என்று அறிஞர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கடவுள் ஏன் சோற்றுக்குப் போனார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

நான் நாடாக்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். இருபத்தொரு வருஷத்துக்கு முந்தைய நாடா ஒன்றுகூட இல்லை. ஊர்வாரியாக அடுக்கினேன். தொலைவில் மூன்று சுற்று, ஐந்து சுற்று, ஒன்பது சுற்று என்று வாய்க்கு வந்தபடி பாடுகிறார்கள். உங்கள் ஊரில் மட்டும் எல்லோரும் ஏழு. அப்புறம்தான் உங்கள் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பாய்லர் வெடித்தது நினைவுக்கு வந்தது. அரசாங்கத்தின் பழைய கோப்புகளையும் எங்களிடம்தான் போட்டுவைக்கிறார்கள்; அந்த விசாரணைத் தாள்கள் எங்கள் நிலவறையிலேயே, நாடாக்களுக்கு அடுத்த அலமாரியில் முத்திரையோடு கிடக்கின்றன. கண்டெடுத்த பொருள்களின் பட்டியலில் பதினோராவது: 'முறுக்கிய கம்பி, ஏழு சுற்று, ஒன்று.'

அந்தப் பட்டியலை வெளியே யாரும் பார்த்ததில்லை. ஆகவே பாட்டைக் கட்டியவர் கம்பியை நேரில் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார். ஒரு நாட்டுப்பாடலுக்கு உயிரோடு ஆசிரியர் கிடைப்பது எங்கள் துறையில் நடக்காத காரியம். முதற்குறிப்பைக் காப்பகத்தின் ஆய்வுக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். குழுவின் புரவலர் யார் தெரியுமா? உங்கள் முதலாளியேதான். வயதாகிவிட்டதல்லவா, கலையில் ஈடுபாடு வந்திருக்கிறது.

நீ அங்கே முப்பது வருஷமாகத் துணி எண்ணுகிறாய். அன்று பாய்லர் அறைக்குள் யார் யார் போனார்கள் என்று கேட்டுச் சொல்.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

கடிதத்தைச் சலவை நிலைய விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாய். இங்கே எல்லாத் தபாலும் அலுவலக மேசைக்குப் போய்விட்டுத்தான் எங்களிடம் வரும். உறை ஈரமாக இருந்தது. பசை புதுசு. மேலாளர் கையில் கொடுக்கும்போதே கேட்டார்: "உங்க தம்பிக்குப் பாட்டுல ரொம்ப ஆர்வமாமே?"

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் சார், உருப்படியா ஒண்ணும் செய்ய மாட்டான்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் விரிப்புகளை எண்ணும்போது மூன்று தடவை எண்ணிக்கை தப்பிவிட்டது.

அந்தப் பாட்டை விட்டுவிடு. கொடுத்த குறிப்பைத் திரும்ப வாங்கு. தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல். உங்கள் துறையில் அது அதிசயமாகத் தெரியாது.

அன்று மேஸ்திரியாக இருந்தவர் விசாரணையில் ஏதோ சொன்னார், அடுத்த வாரம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவருடைய செருப்பு மட்டும் பின்வாசலில் ஒரு மாதம் கிடந்தது. செருப்பில்லாமல் எங்கே போனார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எழுதுவதாக இருந்தால் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் தையற்கடை விலாசத்துக்கு எழுது. தையல்காரி என் தோழி. அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் படிக்க மாட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன் உன் கட்டுரையில் 'எழுத்தறியா நெஞ்சங்களின் கள்ளமற்ற வெளிப்பாடு' என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆராய்ச்சி என்றால் என்னவென்று உனக்குப் புரியவில்லை என்று இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

குறிப்பைத் திரும்ப வாங்க முடியாது. புரவலர் அதைப் படித்துவிட்டார். நேற்று அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். இருபது வருஷ வேலையில் என்னை எந்தப் புரவலரும் கூப்பிட்டதில்லை. நான் எழுந்து நின்று பேசினேன். "நல்ல காரியம் செஞ்சிருக்கீங்க. ஆள் யாருன்னு தெரிஞ்சா முதல்ல எனக்குச் சொல்லுங்க. கௌரவிக்கணும்" என்றார். கட்டாயம் சொல்கிறேன் ஐயா என்றேன். அக்கா, நான் நன்றியும் சொன்னேன்.

குறிப்பில் வெடிவிபத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதினேன். அதுவும் அடிக்குறிப்பில். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் வாழ்கிற ஆள் நான்.

உன் மேஸ்திரியைப் பற்றிப் படித்தபின் மறுபடி நிலவறைக்குப் போனேன். ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேண்டியது கிடைத்ததும் தாளைத் திருப்புவதை நிறுத்திவிடுவார்கள். நான் பதினோராவது பொருளோடு நிறுத்தியிருந்தேன். அடுத்த தாள் மேஸ்திரியின் முதல் வாக்குமூலம், குறுக்கே சிவப்புக் கோடு அடித்தது. 'முதலாளி வால்வில் கம்பி சுற்றும்போது அங்கே இருந்தவர்கள்: நான், பாய்லர்காரர்,' என்று இருக்கிறது. மூன்றாவதாக 'துணி எண்ணும் பெண்' என்று இருக்கிறது.

பாய்லர்காரர் வெடிப்பிலேயே இறந்துவிட்டார். மேஸ்திரி இல்லை.

அக்கா, நீயா?

உன் முதலாளி என்னிடம் ஆள் யார் என்று கேட்டது தெரியாமலா, தெரிந்தா? இன்று காப்பகத்தில் ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் நான் கழிப்பறைக்குப் போய் நின்றேன். எனக்கு வயிற்றுக் கோளாறு என்று எல்லோரும் அனுதாபப்பட்டார்கள்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நான்தான்.

அன்று முற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரத் துணி வந்தது. வெந்நீர் போதவில்லை. எப்போது வரும் என்று கேட்கப் பாய்லர் அறைக்குப் போனேன். அழுத்தம் கூடினால் தானே திறந்து ஆவியை வெளியே விடுகிற வால்வு ஒன்று மேலே உண்டு. முதலாளி ஏணியில் நின்று அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஆவி வீணாகப் போகிறதாம். பாய்லர்காரர் கீழே நின்று, "வேணாங்கய்யா, தாங்காதுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேஸ்திரி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணினேன். கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுவது என் பிழைப்பு. ஏழு சுற்று. முதலாளி இறங்கி வந்து என்னைப் பார்த்தார். "துணி எத்தனை?" என்றார். "அறுபத்திரண்டு" என்றேன். அவர் சாப்பிடப் போனார். பன்னிரண்டரைக்கு வெடித்தது.

பாய்லர்காரர் தூங்கிவிட்டதால் விபத்து என்று அறிக்கை வந்தது. அடுத்த மாதம் என்னைத் தலைமை எண்ணுநர் ஆக்கினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாயைத் திறக்கப் பயம். திறக்காமலும் இருக்க முடியவில்லை. அதனால் பாட்டாகக் கட்டினேன். கேட்டால் நான் எதுவும் சொல்லவில்லை, பாடினேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். பாட்டுக்கு விலாசம் கிடையாது. மடிப்பு மேசையில் மெதுவாக முனகினேன். மூன்றாம் நாள் எதிர்மேசையிலிருந்து அதே பாட்டு திரும்பி வந்தது. ஆறு மாதத்தில் பேருந்து நிலையத்தில் ஒருத்தி எனக்கே அதைச் சொல்லிக்கொடுத்தாள். பாட்டி காலத்துப் பாட்டாம். அன்றுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

இப்போது கேள். நேற்று முதலாளி வந்தார். எட்டு வருஷமாகச் சலவைக் கூடத்துக்குள் கால் வைக்காதவர். கூடவே ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர். நேராக என் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா, அந்தப் பாட்டை ஒரு தடவை பாடு, கேப்போம்."

"எனக்குப் பாட்டு சரியா வராதுங்கய்யா."

"சும்மா பாடு."

ஐந்து சுற்று என்று பாடினேன்.

"இங்க எல்லாரும் ஏழுன்னுல்ல பாடுவாங்க?"

"மறந்துபோச்சுங்கய்யா."

"உனக்கா? உனக்கு எண்ணிக்கை தப்பாதே." என் கையிலிருந்த விரிப்பை வாங்கி, மடிப்பைச் சரிசெய்து, அடுக்கின் மேல் வைத்தார். "தம்பி நல்லாருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இஸ்திரி மேசையில் பாய்லர்காரரின் மனைவி நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அறிக்கையில் உள்ள 'தூங்கிவிட்டதால்' என்ற ஒரு சொல்லை நீக்கச் சொல்லி நாலு தடவை மனுப் போட்டவள். மூன்று மனு குப்பைக்குப் போயிற்று. இப்போது வந்திருக்கும் அதிகாரி ஏப்ரல் 18-க்கு விசாரணை வைத்திருக்கிறார். ஊரே அவர் விழித்திருந்தார் என்று பாடுகிறதே, அது எப்படி என்று மனுவில் கேட்டிருக்கிறாள். அது அதிகாரிக்கு உறைத்திருக்கிறது போல.

உன்னால் ஆனது எதையாவது செய். எனக்கு வீட்டிலிருந்து நிலையம் வரை எழுநூற்றுப் பத்துக் காலடி. இப்போது பின்னால் கேட்கும் காலடிகளையும் எண்ணிக்கொண்டு நடக்கிறேன்.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

செய்துவிட்டேன். இனி நீ பயப்பட வேண்டாம்.

இருபது வருஷத்தில் பதினொரு போலி ஏடுகளைப் பிடித்துக் கொடுத்தவன் நான். பன்னிரண்டாவதை நானே எழுதினேன். பழைய வாத்தியார் ஒருவரின் பாட்டு நோட்டு எங்களிடம் இருக்கிறது. இருநூறு வருஷத்துத் தாள், கடைசியில் நாலு பக்கம் வெற்றுத்தாள். அவர் 'ற'வை எப்படிச் சுழிப்பார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதையும் யாரும் படிக்கவில்லை. மையைப் பற்றிச் சொல்ல மாட்டேன். சொன்னால் தொழில் ரகசியம் போய்விடும்.

குழு கூடியது. என் முதற்குறிப்பு தவறு, பாடல் இருநூறு வருஷப் பழமை உடையது, ஆசிரியர் அறியப்படவில்லை என்று வாசித்தேன். ஆய்வாளரின் நேர்மை என்று பாராட்டினார்கள். ஏழு பிறவிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

அந்த அறையில் அது பொய் என்று தெரிந்தவர்கள் இருவர். நானும் உன் முதலாளியும். முதலில் கை தட்டியவர் அவர்தான். நோட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. போகும்போது என் தோளில் கை வைத்து, "பழசுன்னாலே ஒரு அழகு" என்றார். கை சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையை ஊறப்போட்டேன்.

அவருக்கு வேண்டியது உன் வாய் அல்ல, அந்தப் பாட்டின் வாய். அது இப்போது மூடியாயிற்று. இனி உன்னை அவர் தொட வேண்டிய அவசியம் இல்லை. பத்திரிகையிலும் செய்தி வரும்.

அந்த 'எழுத்தறியா நெஞ்சங்கள்' வரிக்காக மன்னித்துவிடு. என் அக்காவைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். வேறு யாருடைய அக்காவோ என்று நினைத்தேன். அதுவும் சரியில்லைதான்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று தலையணையில் தலை வைத்ததும் தூங்கினேன். எண்ணாமல் வேலைக்கு நடந்தேன். மேலாளர் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மூன்று நாள் அப்படி இருந்தேன். உனக்குப் புண்ணியம்.

நாலாம் நாள் பத்திரிகை வந்தது. பெரிய எழுத்தில், 'இருநூறு ஆண்டுப் பழமையான தத்துவப் பாடல்.' மறுநாள் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மேஸ்திரி வேலையை விட்டுப் போனதை ஒட்டிய அதே பலகை.

இஸ்திரிக்காரி நின்று முழுவதையும் படித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, என் வீட்டுக்காரர் செத்து எத்தனை வருஷமாச்சு?"

"இருபத்திரண்டு."

"இதுல இருநூறுன்னு போட்டிருக்கே. அப்ப நான் யாருக்கு அழுதேன்?"

நான் கையிலிருந்த விரிப்பை மறுபடி மடித்தேன்.

"முதலாளியோட வக்கீல் இதை வெட்டி விசாரணைக்கு அனுப்பிட்டாராம். பாட்டை நம்பி மனு போட்டியேம்மா, அது உங்க தாத்தாவோட தாத்தா காலத்துப் பாட்டுன்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. விசாரணைக்கு வரவேணாம்னு வீட்டுக்கு ஆள் விட்டாங்க. நான் போவேன். போய் என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

திரும்பிப் போய்ப் பெட்டியை எடுத்தாள். விரிப்பு தீய்ந்து கறுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தீய்த்த முதல் துணி.

தம்பி, நீ எனக்காகப் பொய் சொன்னாய். அது அவளுடைய புருஷனை இன்னொரு தடவை கொன்றுவிட்டது. அவரைத் தூங்கினவர் என்று சொன்னவர்கள்கூட அவர் இருந்தார் என்பதை ஒத்துக்கொண்டார்கள்.

18-ஆம் தேதி நான் போய்ப் பாட்டு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். உனக்கு என்ன ஆகும் என்று யோசித்து எழுது.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

போகாதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

எனக்கு வேலை போகும். அது பரவாயில்லை. கைது செய்வார்கள். அதுவும் ஒரு மாதிரி பரவாயில்லை. ஆனால் நான் இந்த நாலு நாளாக அந்தச் செருப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னுடையது நீலப் பட்டை போட்டது, இடது பக்கம் தேய்ந்தது. அதை ஒரு பின்வாசலில் பார்க்க என்னால் முடியாது.

நேற்று புரவலரின் வண்டி காப்பகத்தின் எதிரே ஒரு மணி நேரம் நின்றது. உள்ளேயிருந்து யாரும் இறங்கவில்லை. ஓட்டுநர் வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

நான் தைரியசாலி இல்லை. நிலவறையில் வேலை பார்க்க வந்ததே அதனால்தான். முத்திரையிட்ட தாள்களை நிலவறையிலிருந்து வெளியே கொண்டுபோவது குற்றம். இந்த உறைக்குள் பதினோராவது பொருளின் பட்டியலும் சிவப்புக் கோடு அடித்த வாக்குமூலமும் நகலாக இருந்தால் அவை எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் இதையே சொல்வேன், அழாமல் சொல்ல முடிந்தால்.

போகாதே.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

தாள்கள் கிடைத்தன. எப்படி வந்தன என்று எனக்கும் தெரியாது.

நாளை பத்து மணிக்கு விசாரணை. தையல்காரியும் மடிப்பு மேசைப் பெண்கள் ஆறு பேரும் கூட வருகிறார்கள். ஏழாவது ஒருத்தி வருகிறேன் என்றாள், காலையில் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்தக் காய்ச்சல் இருபத்திரண்டு வருஷம் இருந்தது.

அதிகாரியிடம் சொல்லுமுன் இஸ்திரிக்காரியிடம் சொல்வதுதான் முறை என்று இன்று மத்தியானம் அவள் மேசைக்குப் போனேன்.

"அந்தப் பாட்டைக் கட்டினது நான்தான். கம்பியைக் கட்டும்போது நான் அங்க இருந்தேன். இத்தனை வருஷம் உன் பக்கத்து மேசையிலேயே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. கையிலிருந்த விரிப்பை முழுவதும் தேய்த்து, மடித்து, அடுக்கில் வைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அடிப்பாள் என்றும் நினைத்தேன்.

"நாலாவது அடி தப்புக்கா" என்றாள்.

"என்ன தப்பு?"

"காவலுக்கெல்லாம் முழிச்சிருக்கல அவர். பயத்துல முழிச்சிருந்தாரு. தொட்டா பாய்லர் நடுங்குதுன்னு முந்தின நாளே சொன்னாரு. அன்னிக்குக் காலையில வேலைக்குப் போகலன்னு உக்காந்துட்டாரு. நான்தான் சோத்து டப்பாவைக் கையில திணிச்சு அனுப்பினேன். ஆம்பளைக்கு என்ன பயம்னு கேட்டேன்." இன்னொரு விரிப்பை எடுத்தாள். "வெளிய ஓடியிருக்கலாம்ல? கதவு திறந்துதான் இருந்துச்சு. கீழ் அறையில நாம பதினெட்டுப் பேர் இருந்தோம். அதான் அழுத்தம் குறையட்டும்னு அடுப்பு நெருப்பை வெளிய இழுத்துக்கிட்டே நின்னிருக்காரு."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"ஊரே அவரை வீரன்னு பாடுது. இல்லைங்க, ரொம்பப் பயந்தாருங்கன்னு நான் எந்த வாயால சொல்றது? உன்கிட்டயும் இப்பத்தான் சொல்ல முடியுது. கட்டினவ யாருன்னு தெரிஞ்சாத்தானே திருத்தச் சொல்ல முடியும்."

பக்கத்தில் நின்றே யோசித்தேன். அவள் மூன்று விரிப்பு தேய்த்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. முனகிக் காட்டினேன். இன்னொரு தடவை பாடச் சொன்னாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளும் கூடவே பாடினாள், சத்தமாக, மேலாளர் அறையின் கதவு திறந்திருந்தபோதே.

உன் நாற்பத்து மூன்று நாடாவிலும் இருப்பது பிழையான பாடம். உன் வாத்தியார் நோட்டில் இருப்பதும்தான். சரியான பாடம் இது. நாளை அதிகாரியின் முன்னால் இதைத்தான் பாடப்போகிறேன். குரல் நடுங்கும். இந்த அடிக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

ஏழு சுத்துக் கம்பி சுத்தி
எசமான் போனார் சோத்துக்கு
பயந்து பயந்து நின்னானே
பக்கம் விட்டுப் போகலையே

அக்கா